கவனத்தில் எடுத்தல்

காலை ஆறரைக்கு ரெகுலா கிணற்று மோட்டரைப் போடுவாள்.
நிறுத்த மறப்பாள்.
தொட்டி நிரம்பி வேலியோரம் வழிந்து
பக்கத்துக் காணி வாழைக்குப் போகும் தண்ணீர்.
"சுவிஸ் உதவித் திட்டம்" என்பார் அமிர்தநாயகம்,
மண்வெட்டியால் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பியபடி.

கனகபுரம் வீதியில் வாடகை வீடு.
தூதரகம் இருப்பது கொழும்பில். இங்கே அவளும்
ஒரு மடிக்கணினியும், மாரி ஈரத்தில் ஊதிப்போன
வன்னி வரைபடமும்.
முத்தையன்கட்டில் குத்திய ஊசி
மாங்குளத்துக்கு நழுவி வந்திருக்கிறது.

நான் அவளுடைய வாய், மாதச் சம்பளத்துக்கு.
கச்சேரியில் தேத்தண்ணி, பிரதேச செயலகத்தில் தேத்தண்ணி,
மீனவர் சங்கத்தில் சோடா உடைத்துவிட்டுத் தேத்தண்ணி.
சீனி வேண்டாம் என்பதை ஒரு நாளில்
ஏழு தரம் மொழிபெயர்ப்பேன்.
ஏழு தரமும் சீனி போட்டே வரும்.

கேற்றடியில் எப்போதும் யாராவது, கடித உறையோடு.
தம்பி பேர்ணில். மனு மூன்றாம் தரமும் தள்ளுபடி.
"விசா என் பிரிவில்லை" என்பாள் ரெகுலா.
"கேட்டுப் பாக்கிறாவாம்" என்பேன் நான்.
அந்தப் பொய் என் கணக்கில்.

அவர்களிடம் ஒரு வாக்கியம் உண்டு.
ஒப்புக்கொள்ளாமல் மறுக்காமல்
கதிரையை விட்டு எழும்புவதற்குச் சற்று முன் சொல்வது.
"கவனத்தில் எடுக்கிறோம்" என்று தமிழாக்கினேன்.
மூன்று வருடமாக அதுதான்.
வீட்டிலும் தொற்றிவிட்டது.
கூரைத் தகரம் ஒழுகுது என்றார் இவர்:
கவனத்தில் எடுக்கிறேன்.
சைக்கிளுக்குப் புது ரியூப் என்றான் சாந்தரூபன்:
கவனத்தில் எடுக்கிறேன்.
"அம்மா தூதரகம் கதைக்கிறா" என்று சிரித்தான்.
ரியூப் இன்னும் வாங்கவில்லை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு வியாழன்.
ஒட்டுசுட்டானுக்கு அப்பால் தகரக் கொட்டில்,
கயிற்றில் படங்கள், பிளாஸ்டிக் கதிரைகள்.
எல்லோரும் சொன்னார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.
முடிவில் ரெகுலா அந்த வாக்கியத்தைச் சொல்ல
நானும் சொன்னேன்.

பரிபூரணம் என்று பெயர், கடைசிக் கதிரை.
"கவனமோ பிள்ளை?" என்றாள்.
"பஸ்ஸில ஏத்தேக்கை
நானும் அவனுக்கு அதைத்தான் சொன்னனான்.
கவனமடா எண்டு.
வேற ஒண்டும் சொல்ல நேரம் கிடைக்கேல்லை."

ரெகுலா என்னைப் பார்த்தாள். பேனை காத்திருந்தது.
அவள் பாஷையில் அவை இரண்டு சொற்கள்,
இரண்டு தெருவில் குடியிருப்பவை.
எங்களிடம் ஒன்றுதான். படலையில் நின்று சொல்வது,
மிதிவெடிப் பலகையில் எழுதி வைத்தது,
இப்போது நான் கூட்டக் குறிப்பில் விற்பது.
விளக்கினேன். நீண்டுவிட்டது, இலக்கண வகுப்பைப்போல.
அதற்குள் பரிபூரணம் படத்தின் கண்ணாடியைச்
சேலைத் தலைப்பால் துடைத்து முடித்திருந்தாள்.

ரெகுலா கொப்பியை மூடினாள்.
திரும்பும் வழியில் மாங்குளத்தில் இறங்கிக்
கச்சான் வாங்கினாள், இரண்டு சுருள்.
சீற்றிலேயே விட்டுவிட்டாள்.

இரவு, உருளைக்கிழங்கு இல்லாததால்
மரவள்ளியைத் துருவித் தட்டி
அவளூர் ரொட்டி சுட்டாள். கருகியது.
அறிக்கையைக் கொழும்பு திருப்பி அனுப்பியிருந்தது:
முடிவு வாக்கியம் விடுபட்டுள்ளது, சேர்க்கவும்.
சேர்த்தாளா, தெரியாது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

திரையில் மகள், அங்கே பிற்பகல்.
பனியில் சறுக்கப் போகிறாள் போலும்,
சப்பாத்தின் கூர்த்தகட்டைத் தூக்கிக் காட்டினாள்.
ஏதேதோ சிரிப்பு. பிறகு ரெகுலா, கடைசியில்,
"கவனம்" என்றாள். வ சரியாக வரவில்லை.

பிள்ளை தலையைச் சரித்து ஏதோ கேட்டது.
அந்த மொழி எனக்குத் தெரியாது. கேள்வி தெரிந்தது.
ரெகுலா என் பக்கம் திரும்பினாள்.
பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

வெளியே மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
போய் நிறுத்தினேன்.