இரண்டு மஞ்சள்

எண்பத்தெட்டாவது நிமிடம், கோல்.
மௌலீஸ்வரன் ஜெர்சியைக் கழற்றி
தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே ஓடினான்.
உள்ளே எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பனியன்,
நெஞ்சில் ஏதோவொரு சீமைக் கிளப்பின்
கோணிப்போன சிங்கம்.

ஊரே சட்டை தைத்துப் பிழைக்கிற திருப்பூரில்
சட்டையைக் கழற்றினால் குற்றம்.
எடுத்தேன் மஞ்சள் அட்டையை.
முதல் பாதியிலேயே ஒன்று வாங்கியிருந்தான்.
பின்பாக்கெட்டுக்குக் கை போனது.

“சார், எங்கப்பன் சாயப்பட்டறைலதானுங்க இருக்குது.
ரெண்டு மஞ்சளச் சேத்தா
எந்தத் தொட்டிலீங்க செவப்பாவுது?”

விசிலை வாயிலிருந்து எடுக்காமல்
கோட்டுக்கு வெளியே கை காட்டினேன்.
எதிரணி கோல்கீப்பன்கூடச் சிரித்துவிட்டான்.

கோல் செல்லும்.
இரவு, அறிக்கையில்
‘காரணம்’ என்ற கட்டத்துக்குள்
சந்தோஷம் என்று எழுதி,
அடித்துவிட்டு,
விதி எண்ணைப் போட்டேன்.