ரெண்டு இஞ்சு

லாரிகள் வந்தபடி இருந்தன குளச்சலுக்கு.
கம்பளிச் சட்டை, கோட்டு, கழுத்துப்பட்டை,
பட்டன் போன ஜீன்ஸ்,
ஒரு மூட்டை நிறைய யாருக்கும் சேராத ஜாக்கெட்.
பள்ளிக்கூட மைதானத்தில் குவிந்து
பனியில் நனைந்து நாறத் தொடங்கியிருந்தது
ஊர் உலகத்தின் இரக்கம்.

திங்கள்சந்தையில் கடையைச் சாத்தி
மெஷினைத் தலை வேறு கால் வேறாய்க் கழற்றி
செய்யதலியின் ஆட்டோவில் ஏற்றினேன்.
வாடகை வேண்டாம் என்றான்.
அதற்கப்புறம் அவனும் பேசவில்லை.
லட்சுமிபுரம் தாண்டியதும் காற்றில் ப்ளீச்சிங் பவுடர்.

ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
கரும்பலகையில் பரீட்சைக்கு முந்தின கணக்கு
அப்படியே இருந்தது:
ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பினால்.
அதன் கீழே யாரோ
காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கி
இடம் போதாமல்
சுவருக்குப் போயிருந்தார்கள்.

சுமத்ரா பக்கம் பூமி அசைந்ததாம், ரேடியோ சொன்னது.
"இங்க ஒரு தம்ளர் கூட அசையலியே,"
என்றார் சிலுவைப்பிச்சை, கொட்டில்பாட்டுக்காரர்,
"பெறகு எங்களுக்கு எதுக்குக் கணக்கு?"
யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.
ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

நான் டெய்லர். எனக்குத் தெரிந்த ஆறுதல்
கையத் தூக்குங்க, மூச்ச விடுங்க, திரும்புங்க.
சொன்னதையெல்லாம் செய்தார்கள்.
தோளில் கயிறு அறுத்த வரி, முதுகில் வேலிமுள்.
ஒருத்தியின் முழங்கைக்கு மேலே
யாரோ பிடித்துத் தொங்கிய ஐந்து நகம்.
அந்தக் கையை மட்டும் தளர்வாகத் தைத்தேன்.

மரிய ஜெனோவா
ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.
மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன்.
ஈரம்.
முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே
வெதுவெதுப்பான ஈரம்.
அவள் குனிந்து பார்த்தாள்.
நான் சாக்பீஸைத் தேடுகிறவளானேன்.
"எக்கா, இப்பம் அளவெடுக்காதியோ.
வத்தட்டும்."

அதுவரை எதை உடுப்பாள்?
இருந்த அளவுக்கே தைத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம்
வருது, வருது என்று ஒரு சத்தம்.
ஒரு நொடியில் வகுப்பு காலி.
என் கால் மிதியை விடவில்லை,
ஓடும் மெஷின் முன்னால் கல்லாய் இருந்தேன்.
கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்து
ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு ஓடினாள்,
மைதானம், மதில், மேட்டுத் தென்னந்தோப்பு வரை.

ஒன்றும் வரவில்லை.
மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்,
"ஒங்களுக்கு ஓடவே தெரியல்லியே."
சிரித்தோம் என்று சொன்னால்
யாரும் நம்ப வேண்டாம்.

சித்திரை கடைசியில் கடை வாசலில் நின்றாள்,
தலையில் அலுமினியச் சருவம்.
"ஒடுக்கித் தரணும். தொளதொளங்குது."
பக்கத்துக்கு ஒன்றாய் ரெண்டு இஞ்சு பிடித்தேன்.
மிச்சத் துணியை வெட்டக் கத்தரியை எடுத்து
கீழே வைத்துவிட்டேன்.
உள்ளே மடித்து ஓரம் அடித்தேன்.
தடவிப் பார்த்தவளுக்குத் தட்டுப்பட்டது.
கேட்கவில்லை.

கூலி வேண்டாம் என்றதும்
தேக்கிலையில் சாளையை வாரி நீட்டினாள்.
டிசம்பர் தொட்டு எங்கள் தெருவில்
யாரும் மீன் வாங்கவில்லை.
காரணம் அவளிடம் சொல்லக்கூடியதல்ல.
அவளுக்குத் தெரியும் என்பது
கை நீட்டியபடியே நின்றதில் தெரிந்தது.

இரண்டு கையாலும் வாங்கினேன்.

ராத்திரி தேங்காய் அரைத்தேன், மாங்காய் நறுக்கினேன்.
பிள்ளைகள் சோற்றில் கை வைக்காமல்
என்னையே பார்த்தார்கள்.
முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு
முதல் வாய் நான் சாப்பிட்டேன்.