எல்லையைத் தின்ற யானை

கோதையாற்றுக்கு மேலே
ஈற்றைக்காடு தொடங்கும் இடத்தில்
சங்கிலி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.
துரை ஒருவன், அவனுக்குக் குடை பிடிக்க ஒருவன்,
சர்க்கார் உத்தரவு வாசிக்க ஒருவன்.

இன்ன பாறை முதல் இன்ன ஓடை வரை
காப்பித் தோட்டத்துக்கு என்று
தம்புரான் பறைந்திருக்கிறாராம்.
பாறைக்கு நாங்கள் வைத்த பெயர் அதில் இல்லை,
ஓடைக்கு வைத்ததும் இல்லை.
மூட்டுக்காணி ஆதிச்சன் கேட்டான்:
'தம்புரான் இந்த மல ஏறினதுண்டா?'
வாசித்தவன் துரையைப் பார்த்தான்.
துரை முக்காலி மேல் வைத்த குழலுக்குள்
எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இருநூறு முளை வெட்டித் தரச் சொன்னார்கள்,
ஆளுக்கு நாளைக்கு இரண்டு சக்கரம் கூலி.
வெட்டினோம்.
வேங்கையைத் தொடவில்லை.
முருக்கும் ஒதியும் பார்த்து
பச்சை வற்றாத கொம்பாக வெட்டி
தலைமாடு கால்மாடு மாறாமல் நட்டோம்.
ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்பார்கள் கீழ்நாட்டில்.
எங்களுக்கு உத்தரமா வேண்டியிருந்தது?
நல்ல பணிக்காரர்கள் என்று
துரை கூலிக்கு மேல் ஒரு சுருள் புகையிலை தந்தான்.

இடவப்பாதி இறங்கியது.
எல்லை துளிர்த்தது.

கர்க்கடகத்தில், அட்டை காலைக் கவ்வும் ஈரத்தில்,
பெண்யானைகள் குட்டிகளோடு வந்தன.
மேற்கு மூலையில் தொடங்கி
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
துரை திரும்பி வந்தபோது
காகிதத்தில் இருந்த கோடு மலையில் இல்லை.
பிண்டமாகக் கிடந்தது ஆங்காங்கே.
அதன் மேல் காளான்.

ஓணத்துக்குத் தேன் கொண்டுபோவது வழக்கம்.
அந்த வருஷம் வழக்கம் அல்ல, கட்டளை.
பேச்சிப்பாறை இறங்கி, குலசேகரம் கடந்து,
திருவட்டாற்றில் ஓர் இரவு படுத்து
பத்மநாபபுரம் போனோம்.
ஒன்பது பேர், ஒன்பது மூங்கில் குழாய்,
வாயில் மெழுகு.

தம்புரான் இளவயது. கழுத்து மெலிந்தவர்.
பக்கத்தில் இன்னொரு நாற்காலி,
கொஞ்சம் உயரமானது,
அதில் ரெசிடெண்டு துரை.
தம்புரான் கேட்டார், பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி:
'எல்லை எங்கே?'
'யான தின்னுபோட்டு, தம்புரானே.'

அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தியம்.
உதடுவரை வந்ததை
பக்கத்து முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினார்.
தொண்டை ஏறி இறங்கியதை நான் கண்டேன்.
ஒரு நாட்டையே விழுங்குகிறவனுக்குக்கூட
அவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

குழாய்களை இறக்கச் சொன்னார்கள்.
ஆதிச்சன் இறக்கவில்லை.
நாங்களும் இறக்கவில்லை.
'தேன் தம்புரானுக்குள்ளது.
இங்க தம்புரான் ஆருண்ணு காட்டினா
எறக்கி வைக்கிலாம்.'

அந்த மண்டபத்தில் தரை கறுப்பாக, கண்ணாடிபோல் இருக்கும்.
தம்புரானின் வலக்கை எழுந்து
பாதியில் நின்றது
தரைக்குள்ளும் தெரிந்தது.
பிறகு இரண்டு கையும் மடியில் விழுந்தன.

உத்தரவில் சங்கு முத்திரை இருந்தது.
சங்கு அவருடையது,
அழுத்திய விரல் யாருடையதோ.
பன்னிரண்டு பிரம்படி.
எட்டுக்கு மேல் ஆதிச்சன் எண்ணவில்லை,
நாங்கள் எண்ணினோம்.

திரும்பும் வழியில், ஆற்றங்கரையில்,
பரப்பி முதல் குழாயின் மெழுகை உடைத்தாள்.
கொம்புத்தேன். இரண்டு ஆள் உயரப் பாறையில்
அவள் அண்ணன் கயிற்றில் தொங்கி எடுத்தது.
அரண்மனைக்குப் போய் வந்த தேன்
ஆதிச்சன் முதுகில் வழிந்தது.
எறும்பு வராமல்
இலையால் விசிறிக்கொண்டே நடந்தோம்.
'ருசி எப்படி?' என்று ஒருவன் கேட்க
வலியோடு அவன்தான் முதலில் சிரித்தான்.

மறு வருஷம் கல் நட்டார்கள்,
சுண்ணாம்பு பூசி, எண் கொத்தி.
கல்லை யானை தின்னாது.
இரண்டு நாள் யாரும் பேசவில்லை.
மூன்றாம் நாள்
கிழங்கு சுட்டுக்கொண்டிருந்த பரப்பி
தீயை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
'சரிவிலதானே நட்டிருக்கான்.'