அணைக்குமுன் ஒரு நிமிடம்

பணகுடியில் ஆனி பிறந்துவிட்டால்
எஞ்சினைத் திறக்கக் கூடாது.
கணவாய் வழியே வருகிற காற்று
மணலை மாவாய்ச் சலித்து
மூடாத எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போகும்.
நான் திறந்தேன்.
நாலு வருஷம் ஷெட்டில் கிடந்த கான்டெஸா, டர்போ டீசல்.
பின் சீட்டில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டிருந்தது.

ஈரச்சாக்கு கட்டியும் பல்லில் நறநறத்தது.
"கிராங்கை அடுக்களைக்குக் கொண்டாங்க" என்றாள் ஜெயசீலி.
"மீன் கழுவுத இடத்தை மட்டும் விட்டுருங்க."

பணியாரச் சட்டியில் குழி ஏழு.
வால்வு எட்டு.
குழிக்கு ஒரு வால்வின் லாக்கும் ஸ்பிரிங் தொப்பியும்.
எட்டாவதற்கு யாரோ வீட்டு ஞானஸ்நானத்தில் கொடுத்த சில்வர் டம்ளர்.
இடம் மாறக் கூடாது:
ஒவ்வொன்றும் தன் இருக்கையோடு தேய்ந்து பழகியது.

ஹெட்டைச் சாக்கில் கட்டி
வண்ணாரப்பேட்டை லேத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன்.
"உள்ள என்னவே?"
"ஹெட்டு."
"ஆடா, மாடா?"
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
நாங்குநேரியில் ஏறிய ஒரு பையன்
ஜங்ஷன் வரை அதன்மேல் உட்கார்ந்து வந்தான்.

"கோணிருக்கு. இப்படிச் சூடு ஏத்துனது யாரு?"
லேத்துக்காரர் கேட்டார்.
தவசிக்கனி என்றேன்.
நாலு வருஷமாய் அதே பதில்.

ஜெயசீலியின் தம்பி.
பொஞ்சாதிக்கு எட்டாம் மாசமே வலி கண்டு
ராத்திரி என் வண்டியில் பாளையங்கோட்டைக்குப் பறந்தான்.
ஆஸ்பத்திரி வாசலில், வந்த வேகத்தில்,
சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான்.
டர்போ வண்டியை அப்படி அணைக்கலாமா?
சக்கரம் லட்சம் சுற்றில் நிற்கும்,
எண்ணெய் நின்றால் அச்சு வெந்துபோகும்,
ஒரு நிமிடம் சும்மா ஓடவிடு என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
வராந்தாவில் வைத்தே மறுபடி சொன்னேன்.
குழந்தை அப்போது கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

இப்போது எல்கேஜி போகிறதாம்.

எனக்குக் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏறி எண்ணெய் மாற்றுவேன்.
புதுப் பையன்களிடம், எண்ணெய்தாம்லே எல்லாம் என்பேன்.

டர்போவைக் கடைசியாய்ப் பிரித்தேன்.
அச்சு முழுக்க நீலம்,
தண்ணீரில் மண்ணெண்ணெய் படர்கிற நீலம்.
பேரிங் கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி.
"பாத்தியா" என்று ஜெயசீலியைக் கூப்பிட்டேன்,
சந்தோஷமாகத்தான்.

அவள் அச்சைப் பார்க்கவில்லை.
எண்ணெய் வருகிற சின்னக் குழாயை எடுத்தாள்.
பம்ப் ஸ்டவ்வை ஊதுகிற பழக்கத்தில்
வாயில் வைத்து ஊதினாள்.
கன்னம் உப்பியது. காற்று போகவில்லை.
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கு உருவிக் குத்தினாள்.

குன்றிமணி அளவு.
அதே சிவப்பு.

கேஸ்கெட் பசை.
அவனிடம் வண்டியைக் கொடுத்ததற்கு முந்தின வாரம்
ஒழுகுகிறதே என்று நான்தான் தாராளமாய் அப்பினேன்.
பிதுங்கிய ட்யூப் அலமாரியில் இன்னும் இருக்கிறது,
மூடியில்லாமல், கல்லாகி.

டம்ளரில் போட்டாள் அதை.
சத்தமே வரவில்லை. ரப்பர்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள்
வேலைக்கு வேண்டிய எண்கள் மட்டும் பேசினாள்.
டார்ச்சை என் தோளுக்குமேல் பிடித்துக்கொண்டு
துண்டுச் சீட்டைப் பார்த்து
"மூணு."
நடுவிலிருந்து வெளியே, போல்ட் போல்ட்டாக.
"ஆறு."
ஸ்பானர் க்ளிக்கென்று சொல்லும்வரை.
"ஒம்பது."

ஞாயிறு, பூசை முடிந்து வந்து
டீசலை அடைத்துவைத்துச் சுற்றினேன்,
எண்ணெய் விளக்கு அணையும்வரை.
பிறகு திறந்துவிட்டேன்.
இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.
வெள்ளைப் புகையைப் பார்க்கக்கூட விடாமல்
காவல்கிணறு பக்கம் இழுத்துப்போனது காற்று.
மிதித்தால் அந்த மெல்லிய விசில்.
புது பேரிங்கின் விசில்.

காலை எடுத்தேன்.
சாவியில் கை.
ஒரு நிமிடம்.

ஜெயசீலி போனை என் கிரீஸ் கையில் திணித்தாள்.
ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது.
நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள், மூச்சு மட்டும்.
பிறகு, "யாரு?"
சின்னக் குரல்.
"அங்க என்ன சத்தம்?"

வண்டி என்றேன்.
உங்கப்பாட்ட குடு என்றேன்.
நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
அணைக்கவில்லை.