ஒப்பீட்டுக் குழு, எண் ஏழு

கல்மண்டபத்தில் இறங்கி
இரண்டு சந்து நடந்தால் எங்கள் ஆய்வகம்.
கீழே பிளைவுட் கடை. மாடியில்
மைனஸ் எண்பதில் உறைந்து நிற்கிறார்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பெயர் கிடையாது. மூடியில் எண்.

நாற்பத்தொன்று
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவர்.
அது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ரத்தம் எடுக்கிற மெகரு வாய்தவறிச் சொன்னாள்:
"கையி ஜில்லுனு கீதுக்கா, நரம்பே மாட்ல."

காசநோய்.
மாத்திரை தொடங்குமுன் ஒரு குழாய்,
இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

ஜெல்லில் இறக்கி மின்சாரம் விட்டால்
புரதங்கள் ஓடத் தொடங்கும்.
எண்ணூர் நெடுஞ்சாலை மாதிரிதான்.
சின்னது டூவீலர், சந்து கண்டு நுழைந்து
முன்னே போய்விடும்.
பெரியது கன்டெய்னர் லாரி,
துறைமுக கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்
இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும்.
கரண்டை நிறுத்தும்போது
யார் எங்கே நின்றார்களோ
அங்கே ஒரு நீலக் கோடு.

அப்புறம் டிரிப்சின்.
கண்ட இடத்தில் வெட்டாது அது.
லைசின், ஆர்ஜினின், இரண்டுக்கும் பின்னால் மட்டும்.
காசிமேட்டில் தேசம்மா
கணுப் பார்த்துக் கத்தி வைப்பாளே, அப்படி.
துண்டுகளை நிறுத்துப் பார்த்து
முழு மீனின் பேரைச் சொல்லிவிடும் இயந்திரம்.

நாற்பத்தொன்றின் முதல் குழாயில்
அழற்சிப் புரதத்தின் முகடு
தாளை விட்டு வெளியே போயிருந்தது.
இரண்டாம் மாதம் அதில் பாதி.
மருந்து வேலை செய்கிறது.
கல்லீரலின் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் மட்டும்
லேசாகத் தலைதூக்கியிருந்தார்கள்.
மருந்துக்கும் கூலி உண்டு.

நடுவில் நின்றுபோகப் பார்த்தாராம்.
"ஒண்ணுக்கு செவப்பா போவுதுன்னு பயந்துட்டாருக்கா.
அது மாத்திர கலருன்னு சொல்லி அனுப்ச்சேன்."
இந்த வரியை எந்த வரைபடத்தில் வைப்பது?

எந்தக் கோட்டையும் தனியாகப் படிக்க முடியாது.
பக்கத்தில் நோயில்லாத ஒருவர் வேண்டும்.
ஆள் குறைந்தபோது நானும் கை நீட்டினேன்.
ஒப்பீட்டுக் குழு, எண் ஏழு.
பெண். முப்பத்து நான்கு. எக்ஸ்ரே சுத்தம்.
ஆரோக்கியம் என்ற கட்டத்தில்
டிக் போட்டதும் நான்தான்.

செவ்வாய் ராத்திரி வரைபடம் வந்தது.
ஆரோக்கியர்கள் கீழே கூட்டமாக.
ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு ஏறி
நாற்பத்தொன்றின் இரண்டாம் மாதத்துக்குப் பக்கத்தில்
ஓ.பி. பெஞ்சில் இடம் கிடைத்த மாதிரி
உட்கார்ந்திருந்தது.
அவர் இறங்கி வருகிறார்.
நான் எந்தப் பக்கம் என்று
ஒற்றைக் குழாயை வைத்துச் சொல்ல முடியாது.

காரணம் கேட்டால் புரதம் வாய் திறக்காது.
எங்கோ எரிகிறது, அவ்வளவுதான் அதன் சாட்சியம்.
ஈறு வீக்கமாக இருக்கலாம்.
போன வாரத்துக் காய்ச்சலாக இருக்கலாம்.
திருவொற்றியூர் மொட்டைமாடியில் காயப்போட்ட
வெள்ளைச் சட்டையை
சாயங்காலம் இரண்டு முறை உதறுகிறோமே,
அதுவாகவும் இருக்கலாம்.

"விலகல் புள்ளி, எடுத்துடலாம்" என்றார் டாக்டர் ஹெப்சி.
எடுத்தால் படம் அழகாகத்தான் விழும்.
ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

காலையில் முதல் ஆளாகப் போய்
சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
மெகரு ரப்பரை இறுக்கிக் கட்டினாள்.
தட்டினாள். மறுபடி தட்டினாள்.
"இன்னாக்கா, உன் கையும் ஜில்லுனு கீது."