பாதத்தில் கேட்பது

சமார் தீவின் மேற்குக் கரையில்
வெடிச் சத்தம் முதலில் காதுக்கு வராது.
படகின் அடிப்பலகை வழியாக
உள்ளங்காலுக்கு வரும்.
பக்கத்து வீட்டில் யாரோ
அரிசி மூட்டையைப் பொத்தென்று இறக்கியது போல,
அவ்வளவுதான்.
பிறகு கடல்
ஒன்றும் தெரியாத முகத்தோடு கிடக்கும்.

அதனால் நாங்கள்
பூட்ஸைக் கழற்றிவிட்டு ரோந்து போகிறோம்.
விதியில் அப்படி இல்லை.
பெரிய அதிகாரி வரும் நாளில் மாட்டிக்கொள்வோம்.

நேற்று இரவு
நாற்பது லிட்டர் பெட்ரோல்,
இரண்டு என்ஜினில் ஓடுவது ஒன்று.
கார்ப்பரல் லூர்டெஸ் அபெனோஹா சுக்கானில்,
நான் அணியத்தில்.
விளக்கை ஏற்றினால்
நாங்கள் வருவது ஊருக்கே தெரியும்.
அணைத்தால் நாங்களும் திருடர் மாதிரிதான்.
அணைத்தோம்.

ஒன்றரை மணிக்கு வந்தது.
குதிகாலில் ஒரு முறை,
எதிரொலியாக இன்னொரு முறை.
"எந்தப் பக்கம்?" என்றாள்.
காலுக்குத் திசை தெரியாது.
அவள் காற்றை மோந்து பார்த்துத் திருப்பினாள்,
பூச்சி மருந்தும் தீக்குச்சியும் கலந்த வாடை
அவளுக்கு மட்டும் கிடைக்கும்.

போய்ச் சேர இருபது நிமிடம்.
இருபது நிமிடத்தில்
ஒரு குற்றம் குளித்து, தலை துவட்டி,
உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சூடை மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.
மிதப்பது கொஞ்சம். அடியில்,
உடைந்த பவளத்தின் மேல் கிடப்பதுதான் அதிகம்.
நடுவே சின்னப் படகில் கிறிசோலகோ,
இடக்கையில் தூண்டில் நரம்பு.
வலக்கை மணிக்கட்டோடு முடிகிறது;
பத்தொன்பது வயதில் அவன் வைத்த திரி
விரற்கடை குட்டையாகப் போயிற்று.
"ஒண்ணுமே கடிக்கல சார்" என்றான்.
படகில் தேடினோம்.
ஒரே ஒரு புட்டி. அதில் உண்மையாகவே ஜின்.
குளிருக்கு ஒரு மிடறு வேண்டுமா என்று கேட்டான்.
முங்கி மீன் பொறுக்கியவர்கள்
எந்த இருட்டுக்குள் போனார்களோ,
அந்த இருட்டைப் பார்த்து
லூர்டெஸ் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.

நோட்டில் எழுதினாள்:
2:10. ஐயத்துக்கிடமாக எதுவும் இல்லை.
அவள் கையெழுத்து அழகு.
அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

விடிந்து வீடு வந்தேன்.
தூண்கள் மேல் நிற்கிற வீடு,
ஏற்றத்தில் தரைக்குக் கீழே தண்ணீர் பேசும்.
தக்காளியும் எலுமிச்சைப் புல்லும் போட்டு
இசிட்ரா மீன் காய்ச்சியிருந்தாள்.
பாரை. நல்ல அளவு.
விரல் வைத்ததும் சதை குழைந்தது.
நடுமுள்ளை இழுத்தேன்,
மூன்று துண்டாக வந்தது.
குடலை ஒட்டி
செம்மண் நிறத்தில் உறைந்த ரத்தம்.

சந்தையில் இதற்காகத்தான்
கூடை கூடையாக வயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன்.
வாரத்துக்கு இரண்டு பேர் மேல் வழக்கு.

"யார்கிட்ட வாங்கினே?"
"வாங்கல. பசிலிசா கொடுத்தா.
ராத்திரியெல்லாம் நமக்காகக் கடல்ல
முழிச்சிருக்கிற மனுசன் வீட்டுக்குக்
காசு வேண்டாம்னுட்டா."

பசிலிசா,
கிறிசோலகோவின் அண்ணன் மனைவி.

ஆடும் பல்லோடு மகள்
இரண்டாம் முறை தட்டை நீட்டினாள்.
"முள்ளெல்லாம் தானாவே வந்துடுதுப்பா,
ரொம்ப நல்ல மீன்."

துண்டு முட்களைத் தட்டின் ஓரத்தில்
ஒன்றோடொன்று பொருத்தி வைத்துப் பார்த்தேன்.
ஒரு மீன் நீளத்துக்கு வரவில்லை.
குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.
நானும் சாப்பிட்டேன்.

அடுக்களையில் இசிட்ரா
உரலில் பூண்டை ஒரு முறை இடித்தாள்.
மேசைக்கடியில் என் கால்விரல்கள்
தாமாகவே விரிந்து
தரையை அழுத்திக்கொண்டன.