இது பில் அல்ல

முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் சொல்லிவிட்டார்கள்:
இது பில் அல்ல.
பிறகு நான்கு பக்கம்.
கடைசிப் பக்கத்தின் வலது மூலையில்
எண்ணூற்று எழுபத்து நான்கு டாலர் இருபது சென்ட்.
அதன் தலைக்கு மேலே: உங்கள் பொறுப்பு.

பில் அல்லாததை
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
பத்தொன்பது நாள் கழித்து
பில் வந்தது.
அது தன்னை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சிக்னெ, உனக்கு அன்று ஒன்பது வாரம்.
வெளியே நார்த் டகோட்டா, பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
உள்ளே உன் தொடைகளில் மூன்று ஊசி,
வாயில் இனிப்பாய்ச் சில சொட்டு.
முதல் ஊசிக்கு நீ அழவில்லை, திகைத்தாய்.
இரண்டாவதில்தான் உனக்குப் புரிந்தது
இது தற்செயல் அல்ல என்று.

லோரன் சர்க்கரை ஆலையை விட்டது பிப்ரவரி பத்து.
தானியக் கிடங்கில் சேர்ந்தது பதினொன்று.
சம்பளத்தில் ஒருநாள் ஓட்டை இல்லை.
புதுக் காப்பீடு மட்டும் மார்ச் ஒன்றில்தான் கண் திறக்கும் என்று
ஒரு தாள் சொன்னது.
அந்தத் தாள் அவன் பிக்கப்பில் கிடந்தது,
காபி டம்ளருக்கு அடியில்
வட்ட வட்டமாய்க் கறை வாங்கிக்கொண்டு.

இருபத்தாறாம் தேதி நான் நீட்டிய அட்டை
செத்துப் பதினாறு நாள்.
காரியமே முடிந்திருந்தது, நமக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள் பெர்னடெட் அஷூர்.
இருக்கிறது என்றேன்.
அவள் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது
நம் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் மிசஸ் ஹால்வர்சன்.

தொலைபேசியில் நாற்பத்தோரு நிமிடம்
புல்லாங்குழல் வாசித்தார்கள்.
பிறகு ஒரு குரல் பிறந்த தேதி கேட்டது. என்னுடையதைச் சொன்னேன்.
இல்லை, சிகிச்சை பெற்றவரின் தேதி.
டிசம்பர் இருபத்திரண்டு.
வருடம்?
இந்தக் குளிர்காலம்தான், என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு,
அந்த நாளில் உங்களுக்குக் காப்பு இல்லை, மேடம்.

காப்பு இருந்தது.
ஆஸ்பத்திரியில் உன் கணுக்காலில் மாட்டிய பிளாஸ்டிக் காப்பு,
பார்கோடும் என் பெயரும் போட்டது,
இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது.
இவர்கள் கேட்பது வேறு. ஈடு.

திங்கட்கிழமை உன்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனேன்,
மாதம் ஐம்பது கட்டுகிறேன் என்று சொல்ல
காரிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு.
பெர்னடெட் பில்லைப் படித்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
அன்றைக்கு இன்சூரன்ஸ் இருந்ததா?
இல்லை.
கொஞ்சமும் இல்லையா?
இல்லை.
அப்படியானால் மருந்துக்குக் காசு கிடையாது, என்றாள்.

உள்ளே ஃப்ரிட்ஜில் இரண்டு தட்டு இருக்கிறதாம்.
மேல் தட்டு கிளினிக் வாங்கியது.
கீழ் தட்டு, இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் தந்தது.
ஒரே மருந்து, ஒரே குளிர்.
உனக்கு மேலிருந்து எடுத்தார்கள்.
இனி ஒரு படிவம் போட்டுக் கீழிருந்து மேலே நகர்த்துவார்கள்.
ஊசி போட்ட கூலி மட்டும் உண்டு,
அதுவும் முடியாவிட்டால் சொல், என்றாள்.
முடியும் என்றேன். மறுபடியும் அதே வேகம்.

எண்ணூற்று எழுபத்து நான்கு டாலர்,
ஒரே ஒரு சொல்லுக்கு.
வீட்டுக் கடன்காரனிடம்கூட நான்
இவ்வளவு விலை கொடுத்துப் பொய் சொன்னதில்லை,
அதுவும் பொய் என்றே தெரியாமல்.

உன் கோட்டின் ஜிப் மாட்டிக்கொண்டது.
கதவோரம் குனிந்து அதோடு போராடுகையில்
கவுண்டரில் ஒரு இளைஞன், பூட்ஸில் பனி,
தோளில் தூங்கும் பையன்.
பெர்னடெட் அதே கேள்வியைக் கேட்டாள்.
இருக்கு, இருக்கு, என்றான்.
ஒவ்வொரு பாக்கெட்டாய்த் தட்டினான்.
ஜிப் ஏறிவிட்டது.
நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.